கருப்பு டி-ஷர்ட்டுக்கு நாற்பது வயதானால்: உடைப் பாணியை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு, காந்தி சிலைப் பக்கம் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நடந்து போகிறவர் எந்த ஆண்டில் கல்லூரி முடித்தார் என்பதை உடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். முன்பக்கம் நாலு மடிப்பு வைத்த பேகி பேன்ட்டில் சட்டையை இன் பண்ணி, தொப்புளுக்கு மேல் பெல்ட் கட்டியிருந்தால் எண்பதுகளின் கடைசி. பிரிண்ட் வெடித்துப்போன ராக் பேண்ட் டி-ஷர்ட், பர்ஸிலிருந்து தொங்கும் சங்கிலி என்றால் இரண்டாயிரத்தையொட்டிய மெட்டல் இசைக் கூட்டம். கதர் ஜிப்பாவும் ஜோல்னா பையும் என்றால் சிறுபத்திரிகைக்காரர்.

மூன்றும் நல்ல பாணிகள்தான். இருபத்திரண்டு வயதில் போட்டதை அதே அளவில், அதே கூட்டணியில் ஐம்பதிலும் போடுவதுதான் இடிக்கிறது. இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு: முப்பத்தைந்தில் திடீரென்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு, கோடு போட்ட காலர் டி-ஷர்ட்டுக்குள் ஒளிந்துகொள்வது. பல பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முழு செட்டையும் இழுத்துக்கொண்டு வருவது

இளைஞர் கூட்டங்களின் உடை எப்போதும் செட்டாகத்தான் இருக்கும். 1950களில் லண்டனின் டெடி பாய்கள் நீளக் கோட்டும் தடித்த கிரேப் சோல் ஷூவும் போட்டார்கள். 1960களின் மாட் பையன்கள் ஒட்டித் தைத்த சூட்டும் ஸ்கூட்டரில் போக மேலே ஒரு பார்க்காவும் (தலைமூடி வைத்த தொளதொளக் கோட்டு) வைத்திருந்தார்கள். 1976 வாக்கில் வந்த பங்க் கூட்டத்துக்குக் கிழிசலும் ஊக்கும். நம் ஊரில் பெல்பாட்டம், பெரிய காலர், ஸ்டெப் கட்டிங் மூன்றும் ஒன்றாகவே சுற்றின. தெருமுனையில் வருகிறவன் நம்ம ஆளா இல்லையா என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். செட்டின் வேலை அதுதான். நாற்பதில் அந்தக் கூட்டமே கலைந்துபோயிருக்கும். ஆள் மட்டும் செட்டோடு நின்றால் மாறுவேடப் போட்டிக்கு வந்தவர் போலத் தெரியும்.

அதனால் பிரித்துப் பாருங்கள். பீரோவிலிருந்து பழைய உடைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். சின்னமா (பிரிண்ட், பேட்ச், ஊக்கு, சங்கிலி), வெட்டா (ஒட்டிப் பிடித்தது, தொளதொளப்பு, நீளம்), துணியும் நிறமுமா? முதலில் கழற்ற வேண்டியது சின்னங்களை. வெட்டை இன்றைய உடம்புக்குத் திருத்த வேண்டும். துணியையும் நிறத்தையும் விடவே வேண்டியதில்லை. பாணியின் உயிர் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மெட்டல்காரருக்குக் கருப்புப் பருத்திச் சட்டை, கருநீல நேர்வெட்டு ஜீன்ஸ், பழைய பூட்ஸ் போதும். இசைக்குழுவின் பெயர் இல்லாமலே ஆள் யாரென்று தெரிந்தவருக்குத் தெரியும். புல்லட்காரருக்கு ஜாக்கெட்டும் கையுறையும் வண்டியில் போகும்போது மட்டும். கல்யாண மண்டபத்தில் பூட்ஸ் ஒன்றே பேசும். ஜிப்பாக்காரர் முழங்காலைத் தொடும் ஜிப்பாவை நாலைந்து அங்குலம் ஏற்றி, ஜோல்னா பையை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாட் பாணிக்காரர்களுக்கு வயது சுலபமாக ஒத்துவருவது ஏன் என்றால், அது ஆரம்பத்திலிருந்தே டெய்லர் பாணி. கிழிசலை நம்பிய பங்க் பாணிக்குத்தான் கஷ்டம்.

கருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் கருஞ்சட்டைக்கு வேறு வாசிப்புகள் உண்டு: வருஷம் முழுக்கப் பெரியார் தொண்டர், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நவம்பர் கடைசியில் கருப்புச் சட்டையோடு பிரியாணிக் கடையில் உட்கார்ந்தால் யாராவது ஒருவர், “என்ன சாமி, மாலையா?” என்பார். இது சங்கடமாக இருந்தால் அந்த இரண்டு மாதம் கரிச்சாம்பலுக்கோ கருநீலத்துக்கோ மாறலாம்.

பழைய அளவுச் சட்டையை டெய்லரிடம் நீட்டுவது

எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு இது. பத்து வருஷத்துக்கு முந்தைய சட்டையைக் கொடுத்து “இதே மாதிரி” என்றால் டெய்லர் பழைய உடம்புக்குத்தான் வெட்டுவார். அளவுச் சட்டை காலர் வடிவத்துக்கும் உயரத்துக்கும் மட்டும். மார்பையும் வயிற்றையும் உடம்பில் எடுக்கச் சொல்லுங்கள். டேப் சுற்றும்போது வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் எல்லோரும் இழுப்போம். பில்லும் நமக்குத்தான் வரும். மார்பு 40 அங்குலம் என்றால் தைத்து முடித்த சட்டை 44 முதல் 45 இருக்கட்டும். வயிற்றுக்கும் குறைந்தது 4 அங்குலம் தளர்வு வேண்டும். ட்ரையல் பார்க்கும்போது நிற்காமல் ஸ்டூலில் உட்காருங்கள். மூன்றாவது, நாலாவது பட்டனுக்கு நடுவில் கண் திறந்தால் பற்றவில்லை என்று அர்த்தம்.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு நனைத்துக் காயவையுங்கள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கும். 30 அங்குல உயரத்தில் அது ஒன்று, ஒன்றரை அங்குலம். 58 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) நடுத்தர உடம்புக்குச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர் வாங்கலாம். வயிறு இருந்தால் கால் மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

ரெடிமேடு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் தோள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் கைத்தையல் உட்கார வேண்டும். அது அரை அங்குலம் இறங்கினால் பரவாயில்லை. ஏறினால் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குள் பிடிக்கும். வயிற்றில் பெரிதாக இருந்தால் பக்கத்தில் பிடித்துவிடலாம், கை நீளத்தைக் குறைத்துவிடலாம். தோளைத் திருத்தக் கையையே பிரித்துத் திரும்ப வைக்க வேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டையை இருநூறுக்கு வாங்கி, ஆல்ட்டருக்கு இன்னொரு இருநூறு அழுகிறவர்கள் தோளைப் பார்க்காமல் வாங்கியவர்களே. லேபிளில் உள்ள சைஸை அங்கே நம்ப வேண்டாம். பொருந்தும் சட்டை ஒன்றைப் பையில் கொண்டுபோய் மேலே விரித்து ஒப்பிடுங்கள்.

பேன்ட்டில் கதை வேறு. லோ வெய்ஸ்ட் ஜீன்ஸில் பழகியவருக்கு வயிறு வந்ததும் பட்டி வயிற்றுக்கு அடியில் நழுவும். கவட்டு தொங்கும். கீழே துணி குவியும். ஆள் இரண்டு அங்குலம் குள்ளமாகத் தெரிவார். பெல்ட்டை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது; பட்டிக்கும் கவட்டுக்கும் இடையிலான உயரம் பற்றாததுதான் காரணம். 36 இடுப்புக்கு முன்பக்கம் 10.5 முதல் 11.5 அங்குலம் இருக்கிற பேன்ட்டைத் தேடுங்கள். பாட்டம் சுற்றளவு 15 அல்லது 16 எந்தக் காலத்திலும் கேலிக்கு ஆளாகாத அளவு. 24 தாண்டிய பெல்பாட்டத்தையும் 12க்குள் வரும் ஸ்கின்னியையும் போட்டவர்கள் இருவருமே இங்கே வந்து சந்தித்துக்கொள்ளலாம்.

பழைய பேன்ட்டைப் பிரித்து விட முடியுமா என்று தெரிந்துகொள்ள, உள்பக்கம் திருப்பிப் பின் நடுத்தையலைப் பாருங்கள். ஃபார்மல் பேன்ட்டில் அங்கே ஒன்று, ஒன்றரை அங்குலம் துணி விட்டிருப்பார்கள், அவ்வளவுக்கு விடலாம். ஜீன்ஸில் இரட்டைத் தையலால் மடித்து அடித்திருப்பதால் விட ஒன்றுமே இருக்காது. இடுப்பைப் பிடிப்பதிலும் இரண்டு அங்குலத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி ஒன்றையொன்று முறைக்கும்.

“எடை குறையட்டும், அப்புறம் தைச்சுக்கலாம்”

பெண்களிடம் இந்தத் தவறு அதிகம். கல்லூரியில் ஜீன்ஸ், குட்டைக் குர்த்தி, ஆக்சிடைஸ்டு ஜிமிக்கி என்று தெளிவான பாணி வைத்திருந்தவர்கள், குழந்தை பிறந்த பின் எடை குறையும் நாளை எதிர்பார்த்து, வீட்டில் நைட்டி, வெளியில் கைக்கு வந்த சுடிதார் என்று ஐந்தாறு வருஷத்தை ஓட்டிவிடுகிறார்கள். இன்று இருக்கிற உடம்புக்கு மூன்று செட் போதும், ஆனால் இன்றைக்கே வேண்டும்.

குர்த்தியில் கோளாறு பெரும்பாலும் ஸ்லிட்டில்தான் இருக்கும். இடுப்பு அகலமானதும் ஸ்லிட் ஆரம்பிக்கும் இடம் மேலே ஏறி, வயிற்றருகே துணி விரியும். குர்த்தியை மாற்றத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஸ்லிட்டை இரண்டு, மூன்று அங்குலம் மூடித் தைத்தால் வரி நேராகிவிடும். அதற்கு முன் உட்கார்ந்து பார்த்து இடுப்பு பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 36 அங்குலக் குர்த்திகளை லெக்கிங்ஸோடு போடுவதைவிட நேர்வெட்டு காட்டன் பேன்ட்டோடு போட்டால் கல்லூரி வாசனையும் இருக்கும், வயதும் உறுத்தாது.

பழைய பிளவுஸைத் திருப்பிப் பாருங்கள். நல்ல டெய்லர் பக்கத்தில் ஓர் அங்குலம் உள்துணி விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்பார். உள்தையலை ஒன்றொன்றாகப் பிரித்தால் ஒரு தையலுக்கு மொத்தச் சுற்றில் அரை முதல் ஓர் அங்குலம் கிடைக்கும். பிரித்த இடத்தில் பழைய தையல் துளை தெரியும். பருத்தியில் ஈரத்துணி வைத்து அயர்ன் செய்தால் பெரும்பாலும் மூடிக்கொள்ளும், பட்டில் மூடாது. பக்கத்தை விட்டும் கை பிடிக்கிறது என்றால் கைத்தையலையும் விட வேண்டும். அதை மறந்துவிட்டு பிளவுஸையே தூக்கிப் போடுகிறார்கள்.

ஜிமிக்கியை மட்டும் விடாதீர்கள். சாதாரணக் கைத்தறிப் புடவைக்கு அது கொடுக்கிற திமிரை வேறெதுவும் கொடுக்காது.

மகனின் பீரோவிலிருந்து எடுப்பது

சுருக்கமாக: ஓவர்சைஸ் டி-ஷர்ட்டில் தோள் இறங்குவது இருபது வயது மெல்லிய உடம்புக்காக வெட்டியது. தொப்பைமேல் அது கூடாரம். தளர்வு வேண்டும் என்றால் தோள் சரியாக இருக்கிற, உடல் மட்டும் நேராக இறங்குகிற 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) டி-ஷர்ட் வாங்குங்கள்.

கடலோரத்தை மறந்துவிட்டு வாங்குவது

சம்பளம் உயர்ந்ததும் இளமையில் வாங்க முடியாததை வாங்கும் ஆசை வரும். 14 அவுன்ஸ் ஜீன்ஸ், தடித்த தோல் ஜாக்கெட். டெனிமை அளப்பது சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று; அவுன்ஸ் ஒன்றுக்கு ஏறக்குறைய 34 ஜிஎஸ்எம், அதாவது 14 அவுன்ஸ் என்றால் 475 ஜிஎஸ்எம் பக்கம். கடலூர் மே மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்க முடியாது. இங்கே 8 முதல் 10 அவுன்ஸ் வரைதான் தாங்கும். துவைக்காத புது டெனிமாக இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீலிச்சாயம் நூலின் உள்வரை போகாமல் மேலேயே உட்காரும்; வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் வெள்ளைச் சட்டையின் அடியிலும் ஸ்கூட்டர் சீட்டிலும் ஏறிவிடும். 19ஆம் நூற்றாண்டில் நீலச்சாயமிட்ட கினே துணியை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய ஊர் புதுச்சேரி. நீலம் ஒட்டுவதைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

கருப்பு வெளுப்பதற்குச் சோப்பை மட்டும் திட்டாதீர்கள். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளது. கட்டிச் சோப்பு அதில் நுரைக்காமல் திரிந்து, துணிமேல் சாம்பல் படலமாகப் படியும். வெளுத்துவிட்டது என்று நினைப்பது பாதி நேரம் இந்தப் படலம்தான். லிக்விட் டிடர்ஜென்டுக்கு மாறி, கடைசி அலசலில் ஒரு வாளிக்குக் கால் டம்ளர் வெள்ளை வினிகர் விட்டுப் பாருங்கள். உள்புறம் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிரிண்ட் மேல் அயர்ன் பாக்ஸ் நேராகப் படக்கூடாது. பிளாஸ்டிசால் மை சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

ஒரே நாளில் தூக்கிப் போடுவது, அல்லது எதையும் போடாமல் வைத்திருப்பது

ஆடித் தள்ளுபடியில் புதுசு வாங்கும்போது, சந்தேகமான பழசை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தேதி எழுதுங்கள். போகி வரை ஆறு மாதம். அதற்குள் மழைக்கோ பனிக்கோ தீபாவளிக்கோ தேடி எடுத்தது எதுவோ அது உங்கள் பாணி. திரும்ப பீரோவுக்குப் போகட்டும். தேடாததைக் கொடுத்துவிடுங்கள். போகியில் எரிக்காதீர்கள், பாலியஸ்டர் உருகி நச்சுப்புகை விடும்.

நினைவுக்காக வைத்துக்கொள்வதை வைக்கும் விதத்திலும் தவறு நடக்கிறது. தோல் ஜாக்கெட்டைப் பாலிதீன் கவரில் கட்டினால் ஐப்பசி அடைமழைக்குள் பூஞ்சை பூக்கும். தோள் அகலமான ஹேங்கரில், பருத்தி உறை போட்டு, மாதம் ஒருமுறை நிழல் காற்றில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். பூத்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சம பங்கு கலந்து லேசாக ஒற்றி எடுங்கள். முதலில் காலரின் அடியில் சோதித்துப் பாருங்கள். ரெக்சின் ஜாக்கெட்டுக்கு இந்தச் சேவையெல்லாம் வீண். போட்டாலும் போடாவிட்டாலும் சில வருஷத்தில் அப்பளமாக உரியும்.

பாலியூரித்தேன் சோல் உள்ள ஷூக்களும் அந்த ஜாதிதான். ஆசையாகப் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவை ஆறு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போட்டால், மண்டபப் படியேறும்போது குதிகால் மாவாக உதிரும். காற்றின் ஈரமே அந்தப் பொருளை உள்ளுக்குள் உடைக்கிறது. நடக்க நடக்க ஈரம் தங்காமல் இருப்பதால், போட்டுக்கொண்டே இருக்கும் ஜோடி அதிக நாள் உழைக்கும். பெட்டியில் இருப்பதை இன்று எடுத்து, சோலைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ நகம் பதிந்தாலோ அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். மேல்தோல் நன்றாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் சோல் மாற்றிக்கொள்ளலாம். பேஸ்டிங் மட்டும் போதாது, சுற்றித் தையலும் போடச் சொல்லுங்கள்.