பச்சைக்குழந்தையின் பிட்யூட்டரி: எங்கள் பக்கத்தில் தொடரும் தவறுகள்

பிறந்த குழந்தையின் பிட்யூட்டரியும் பெரியவர்களுடையதைப் போலத்தான் வேலை செய்யும், அளவில்தான் சிறியது என்று நினைத்துவிடுகிறோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எங்கள் கேரள-தமிழக எல்லைப்பக்க ஊர்களில் பச்சைக்குழந்தை விஷயத்தில் நடக்கும் பல தவறுகளுக்கு இந்த நினைப்புதான் வேர்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் சுரப்பி இது. கருவின் நான்காவது வாரத்தில், வாயின் மேற்பகுதியிலிருந்து மேலெழும் ஒரு மடிப்பு அதன் முன்பகுதியாகிறது. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் 12வது வாரத்தை ஒட்டிச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் 'போதும், நிறுத்து' என்ற செய்தியைக் கேட்கும் திறன் அப்போதே வந்துவிடுவதில்லை. அந்தச் செய்தியைப் பிடிப்பவை ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து பொருந்தும் புரதங்கள். தைராய்டு ஹார்மோனுக்குப் பிட்யூட்டரியில் பீட்டா-2 என்ற தனி வகை ஏற்பி இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிறந்தபின் முதல் சில வாரங்களிலும்தான் இந்தக் கட்டுப்பாடு படிப்படியாக முதிர்கிறது.

பிறவித் தைராய்டுக் குறைவைக் கண்டறிய, முதல் நாளே ரத்தம் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவது இதனால்தான் தவறு. வயிற்றுக்குள் இருந்த கதகதப்பை விட்டு வெளியே வந்ததும், குளிர் பட்டு, அரை மணி நேரத்துக்குள் குழந்தையின் டிஎஸ்எச் 60, 80 என்றுகூட ஏறிவிடும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரைதான் இயல்பு. குழந்தைக்கு ஏறியது ஒரு நாளில் வேகமாக இறங்கி, பிறகு மெல்லத் தணியும். தைராய்டுக் குறைவிலும் டிஎஸ்எச் ஏறும் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் குதிகாலில் குத்தி எடுக்கும் சோதனைக்கு 48 முதல் 72 மணி நேரம் வரை உள்ள இடைவெளியே நல்லது. தொப்புள்கொடி ரத்தம் இந்த ஏற்றத்துக்கு முன்பே எடுக்கப்படுவதால் அதற்குச் சிக்கல் இல்லை. குறைமாதக் குழந்தைக்கு டிஎஸ்எச் தாமதமாக ஏறலாம். முதல் சோதனை சரியாக இருந்தாலும் இரண்டாவது முறை எடுக்க வேண்டும்.

கேரள அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனை உண்டு. பிரசவம் எங்கே நடந்தாலும் "குதிகால் ரத்தம் எடுத்தாச்சா, ரிசல்ட் எப்போ வரும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த பெண், பொள்ளாச்சிப் பக்கத்துக் கணவரின் எண்ணைக் கொடுத்திருப்பாள். மறுபடி ரத்தம் எடுக்க வரச்சொல்லி அந்த எண்ணுக்கு மலையாளத்தில் போன் வரும். அவருக்குப் புரியாது, வைத்துவிடுவார். குழந்தையோ எல்லைக்கு இந்தப்பக்கம் அம்மாயி வீட்டில் இருக்கும். குழந்தை எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த வீட்டு எண்ணைக் கொடுப்பதுதான் சரி.

அறிகுறி தெரியட்டும் என்று காத்திருப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பிறவித் தைராய்டுக் குறைவுள்ள குழந்தை பிறந்தபோது பெரும்பாலும் நன்றாகவே தெரியும். மஞ்சள் நீடிப்பது, மலச்சிக்கல், ஓயாத தூக்கம் எல்லாம் மெதுவாகத்தான் வரும். மூளை அதுவரை காத்திருக்காது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் மற்றக் குழந்தைகளைப் போலவே வளர்கிறார்கள். ஒரு சிறு மாத்திரையால் தடுக்கக்கூடிய மனவளர்ச்சிக் குறைவு இது. இதைத் தவறவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மாத்திரை தொடங்கியபின் வரும் குழப்பம் வேறு. ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு சரியாகிவிட்டாலும் சில குழந்தைகளுக்கு டிஎஸ்எச் பல மாதம் இறங்காமல் நிற்கும். கருவிலேயே ஹார்மோன் பற்றாக்குறையில் வளர்ந்த பிட்யூட்டரி, 'போதும்' என்பதற்கான எல்லையைச் சற்று மேலே வைத்துக்கொண்டதுதான் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். டாக்டர் டி4-ஐயும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். மாத்திரையைப் பொடித்து ஒரு சிறு கரண்டித் தாய்ப்பாலில் அல்லது தண்ணீரில் கொடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மருந்துகளோடு சேர்க்க வேண்டாம். நிறுத்திப் பார்க்கலாமா என்ற பேச்சே மூன்று வயதுக்குப் பிறகுதான், அதுவும் டாக்டர் சொன்னால்.

பிட்யூட்டரியே பழுதாக இருந்தால் டிஎஸ்எச் ஏறவே ஏறாது. அதை மட்டும் பார்க்கும் சோதனை அந்தக் குழந்தையைப் பிடிக்காது. சர்க்கரை அடிக்கடி குறைகிறது, மஞ்சள் விடவில்லை, ஆண்குறி மிகச் சிறியதாக இருக்கிறது என்றால் 'நார்மல்' என்ற தாளோடு திருப்தியடையக் கூடாது.

அடுத்தது எண்ணெய்க் குளியலின்போது நடப்பது. "பால் கட்டியிருக்கு கண்ணு, பீச்சி விடோணும்" என்று குழந்தையின் மார்பை அழுத்துவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் கிருமி புகுந்து சீழ் வைத்துவிடும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் பிறந்த குழந்தைக்கு அதிகம். அதை அடக்க மூளையிலிருந்து வரும் டோபமைன், பிட்யூட்டரியின் டி2 என்ற வகை ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. அந்த அடக்கும் திறன் இன்னும் முதிராத பருவம் இது. தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரஜனும் பிறந்ததும் சட்டென்று குறைகிறது. கைவைக்காமல் விட்டால் சில வாரங்களில் வீக்கம் தானே வடிந்துவிடும். சிவந்து சூடாக இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள்.

ஹார்மோன் கூடினால் ஏற்பி குறையும் என்று மாணவர்கள் பலர் ஒரே விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். அது எப்போதும் பொருந்தாது. விதை, சூலகம் ஆகிய இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டும்படி பிட்யூட்டரிக்குச் சொல்லும் ஜிஎன்ஆர்எச் என்ற மூளை ஹார்மோன் விட்டுவிட்டு வந்தால், பிட்யூட்டரியில் அதன் ஏற்பிகள் கூடுகின்றன; இடைவிடாமல் வந்தால்தான் குறைகின்றன. சீக்கிரமே பூப்படையும் குழந்தைகளுக்குப் போடும் ஊசி இந்த இரண்டாவது வழியைத்தான் பயன்படுத்துகிறது.

ஆண் குழந்தைக்குப் பிறந்த முதல் மாதங்களில் இந்தத் தூண்டுதல் நன்றாகவே நடக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஒன்று முதல் மூன்று மாதத்தில் உச்சம் தொட்டு, ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். விதை இறங்காத குழந்தைக்கு ஹார்மோன் சோதனை தேவைப்பட்டால் இந்த இடைவெளியில் எடுப்பதுதான் பலன் தரும். தள்ளிப்போனால் பருவ வயதுவரை அதே தெளிவு கிடைக்காது. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் இந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. ஊசி போடப் போகும்போதே விதை இரண்டும் பையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.