நாணயம் படமெடுக்க, மலிவாக ஒரு காப்பி ஸ்டாண்ட்

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியில் புழங்கிய செப்புத் துட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம் அல்லிப்பூ, மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. அந்த எழுத்து தெளிவாகத் தெரிய ஒரு படம் எடுக்க, கையில் போனை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கை நடுங்கும், போன் நிழல் காசின் மேல் விழும், கொஞ்சம் சாய்ந்தாலும் வட்டக் காசு முட்டை வடிவமாகிவிடும்.

இதற்குத்தான் காப்பி ஸ்டாண்ட். ஒரு அடிப்பலகை, அதில் செங்குத்தாக ஒரு கம்பம், கம்பத்தில் ஏறி இறங்கும் ஒரு கை. கேமரா அந்தக் கையில் மாட்டிக்கொண்டு நேர் கீழே பார்க்கும், அவ்வளவுதான். பழைய தாள்களையும் ஓவியங்களையும் படமெடுப்பவர்கள் வைத்திருப்பது உயரமாக, அகலமாக இருக்கும். காசுக்கு அந்த உயரம் வேண்டாம், ஆடாமல் நின்றால் போதும். கடையில் உயரத்துக்குத்தான் காசு கேட்கிறார்கள் என்பதால் இது நமக்கு லாபம்.

முதல் படி: வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள்

மேசையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின் மேல் போனைப் பாலம் போலப் படுக்க வையுங்கள். காசு கூர்மையாகத் தெரியும்வரை ஒவ்வொரு புத்தகமாக ஏற்றுங்கள். அந்த உயரத்தோடு பத்து சென்டிமீட்டர் கூட்டிக்கொண்டால் உங்களுக்கு வேண்டிய கம்பத்தின் அளவு கிடைத்துவிடும். கேமராவில் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை மிக அருகிலிருந்து எடுக்கும் லென்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு, காசிலிருந்து கேமராவுக்குள் படம் பதியும் சென்சார்வரை சுமார் 30 சென்டிமீட்டர் வரும். 45 சென்டிமீட்டர் கம்பம் தாராளம்.

இரண்டாம் படி: எந்த வகை?

வளைந்து கொடுக்கும் கழுத்துள்ள போன் ஸ்டாண்டுதான் எல்லாவற்றிலும் மலிவு. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். படம் எடுக்க விரல் பட்டாலே ஆடியது. பத்து நிமிடத்தில் தலை தொங்கிவிட்டது. வேண்டாம். டிரைபாட் ஏற்கெனவே இருந்தால், நடுக்கம்பத்தைத் தலைகீழாகப் போட்டுச் சமாளிக்கலாம். விளக்கு வைக்கும்போது கால்கள் குறுக்கே வரும்.

என் ஓட்டு பழைய என்லார்ஜருக்கு. பிலிம் காலத்தில் இருட்டறையில் படம் பெரிதாக்கிய கருவி அது. கனத்த பலகை, உறுதியான கம்பம், பல் சக்கரத்தில் மெல்ல ஏறி இறங்கும் கை எல்லாம் அதிலேயே இருக்கின்றன. விளக்கும் லென்ஸும் இருக்கும் அதன் தலையைக் கழற்றிவிட்டுக் கேமராவை மாட்டினால் அதுவே காப்பி ஸ்டாண்ட். பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பரணில் தூசி படிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி சாலைச் சந்தையிலும் ஒரு கண் வைத்திருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் சிக்கும்.

ஒரு எச்சரிக்கை. தலையின் கனத்தைத் தாங்க உள்ளே ஸ்பிரிங் வைத்த என்லார்ஜர்கள் உண்டு. கம்பத்துக் கையைக் கீழே இறக்கி வைத்துத் தலையைக் கழற்றினால் அது விருட்டென்று மேலே பாயும். என் கட்டைவிரல் நகம் கறுத்தது அப்படித்தான். கையைக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, பூட்டிவிட்டுக் கழற்றுங்கள்.

கேமரா மாட்டும் போல்ட் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், கேமராவில் சரியாகப் பிடிக்காது. கேமராவைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். போனுக்கு என்றால் டிரைபாடில் மாட்டும் கிளிப் ஒன்று போதும்.

மூன்றாம் படி: கடையிலேயே சோதனை

உங்கள் கேமராவை மாட்டி, கையை இறுக்கி, ஒரு காசை ஃபோகஸ் செய்யுங்கள். திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கம்பத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். படம் சட்டென்று அடங்க வேண்டும். ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம் தொடாமல் ஐந்து நிமிடம் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருங்கள். திரும்பிப் பார்க்கும்போது ஃபோகஸ் நழுவியிருந்தால் கை இறங்குகிறது என்று பொருள். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கம்பத்தில் துரு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். நம்மூர் உப்புக்காற்றுக்குக் கம்பம் சொரசொரப்பானால் கை திக்கித் திக்கித்தான் இறங்கும். வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

நான்காம் படி: நேராக்குவது

ரசமட்டம் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நம்பகமான வழி, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் பலகையில் படுக்க வைப்பது. லென்ஸ் தன் முகத்தைத் தானே பார்க்கும். திரையின் நட்டநடுவில் லென்ஸின் பிம்பம் வந்தால் கேமராவும் பலகையும் இணையாக இருக்கின்றன. விலகியிருந்தால், கேமராவுக்கும் கைக்கும் நடுவே மடித்த அட்டைத்துண்டு செருகிச் சரிசெய்யுங்கள்.

விளக்குக்கு இரண்டு சின்ன எல்.இ.டி. மேசை விளக்குகள் போதும். கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில் வைத்து, கண் கூசினால் முன்னால் பட்டர் பேப்பரைப் பிடியுங்கள். இரண்டு விநாடி டைமர் போட்டுவிட்டு உங்கள் கையை எடுத்துவிடுங்கள். பளபளப்பு வேண்டும் என்று காசைப் புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள், அப்படித் தேய்த்ததைக் காசு சேகரிப்பவர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

பத்து ரூபாய்க்கு ஒரு உயரம், துட்டுக்கு இன்னொரு உயரம் என்று சரியாக வந்ததும், கம்பத்தில் வண்ண டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பூ இருக்கும் பக்கத்தைப் படமெடுத்துவிட்டுக் காசை மட்டும் புரட்டுங்கள், கம்பத்துக் கையைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழும்.