புதிதாகப் பதித்த மணற்கல் முற்றத்தில் கறை படிந்தால்

தில்லியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர், வீட்டு முற்றத்துக்கு ராஜஸ்தானத்துத் தோல்பூர் மணற்கல்லையோ ஆக்ரா பக்கத்துச் செம்மணற்கல்லையோ விரும்பிப் பதிக்கிறார்கள். பதித்த சில வாரங்களிலேயே வெள்ளைத் திட்டும் கருவளையமும் தெரியத் தொடங்கியதும் வேலை செய்த மிஸ்திரி ஆசிட் பாட்டிலோடு வந்து நிற்பார். அவரை அன்று திருப்பி அனுப்பிவிடுங்கள். கறை மேலிருந்து விழுந்ததா, அடியிலிருந்து ஏறியதா என்று தெரியாமல் கழுவக் கூடாது.

மணற்கல் என்பது மணல் துகள்களைச் சிலிக்காவோ சுண்ணமோ இரும்பு ஆக்சைடோ களிமண்ணோ ஒட்டிப் பிடித்திருக்கும் கல். துகள்களுக்கிடையே உள்ள நுண்துளைகள் வழியே ஈரம் எந்தத் திசையிலும் நகரும். ஆகவே முதலில், ஒரு சதுர அடி பாலிதீன் தாளைக் காய்ந்த கல்லின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுவையுங்கள். தாளின் உட்புறம் நீர் பூத்திருந்தாலோ கல் கருத்திருந்தாலோ ஈரம் அடியிலிருந்து வருகிறது என்று பொருள்.

புது முற்றத்தில் பெரும்பாலும் தெரிவது உப்புப் பூத்தல்தான். அடியிலுள்ள சிமென்ட் கலவையில் கரையும் சுண்ணமும் பிற உப்புகளும் ஈரத்தோடு மேலேறி, நீர் ஆவியானதும் வெள்ளையாகத் தங்கிவிடுகின்றன. செங்கோட்டையை 1639இல் கட்டத் தொடங்கியவர்கள் சுண்ணாம்புக் கலவையில் கல் வைத்தார்கள். போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். பழைய கட்டடங்களை நம் முற்றத்தோடு ஒப்பிட்டுக் கல்லைப் பழிப்பது அதனால் சரியாகாது. இந்தப் பூப்பை, கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது நைலான் பிரஷால் தேய்த்து, பொடியை அள்ளி முற்றத்துக்கு வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். மீண்டும் பூக்கும், மீண்டும் தேய்க்க வேண்டும். மழைக்காலம் ஒன்று கடக்கும்வரை பொறுமை தேவைப்படலாம். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் அதைக் கொண்டு கலவை குழைப்பதும் முற்றம் கழுவுவதும் இந்தத் தொல்லையை வளர்க்கும்.

கல்லின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து வட்டங்கள் தெரிந்தால், கலவையை முழுப்பரப்பிலும் விரிக்காமல் உருண்டை உருண்டையாக வைத்துக் கல்லை அமர்த்தியிருக்கிறார்கள். கலவை உள்ள இடமும் வெற்றிடமும் ஒரே சீராகக் காயாததால் அந்த வட்டங்கள் மேலே தெரிகின்றன. எந்த மருந்தாலும் இது நிரந்தரமாகப் போகாது. கல்லைப் பெயர்த்து, அடிப்பக்கத்தில் ஒட்டுப்பூச்சு தடவி, முழுப்படுகையில் மீண்டும் பதிப்பதே வழி. செலவுதான், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்: வெற்றிடத்தில் நீர் தேங்கும், கல் ஆடும்.

பழுப்பு, மஞ்சள் கறைகளில்தான் ஆசிட்டின் கேடு தெரியும். மயூர் விஹாரில் எங்கள் முற்றத்தில் சிமென்ட் படலத்தைப் போக்குவதாகச் சொல்லி ஒருவர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தெளித்தார். அன்று மாலை பளிச்சென்று இருந்த இளமஞ்சள் கல்லில் நான்கே நாளில் துருநிறப் புள்ளிகள் எழுந்தன. அவை இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆசிட், கல்லைப் பிணைத்திருக்கும் சுண்ணத்தை அரித்து, உள்ளிருக்கும் இரும்பையும் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அதே ஆசிட்தான். அதைப் பிளீச்சோடு கலந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும் என்பதால் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். முற்றத்தின்மேல் வைத்துக் கம்பி அறுப்பதும் அதே போன்ற துருப்புள்ளிகளைத் தரும். இரும்புத் தூளை மழைக்கு முன்பே பெருக்கிவிட வேண்டும். சிமென்ட் கலவை இறுகுவதற்காக நீராற்றும்போது கல்லின்மேல் புதுச் சணல் சாக்கை நனைத்துப் போட்டால் அதன் சாயமும் இறங்கும்.

மேலிருந்து விழும் கறைகள் எளியவை. கார்த்திகை விளக்கின் எண்ணெய் சிந்தியிருந்தால் தேய்க்காமல், முல்தானி மட்டியைப் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் கெட்டியாகக் குழைத்து விரல் கனத்துக்குப் பூசி, பாலிதீனால் ஒரு நாள் மூடிவைத்து, பிறகு திறந்து காயவிட்டுச் சுரண்டி எடுங்கள். காயும்போதுதான் மண் எண்ணெயை இழுக்கும். நாவற்பழமும் வாடிய இலையும் விட்ட கறைக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் அதே மண்ணைக் குழைக்கலாம். எதையும் முதலில் மிஞ்சிய ஒரு கல்லில் செய்து பாருங்கள். அரிசி மாவுக் கோலம் கல்லைக் கெடுக்காது. காவியும் வண்ணப்பொடியும் நுண்துளைக்குள் இறங்கிவிடும் என்பதால் அவற்றை ஒரு பலகைமேல் இடுவது நல்லது.

கல்லுக்குள் நீரும் கறையும் இறங்காமல் காக்கும் சீலர் பூசும் எண்ணமிருந்தால், பாலிதீன் சோதனையில் ஒரு துளி நீரும் தென்படாத பிறகே பூச வேண்டும். மேலே பளபளப்பான படலமாக நிற்பதைத் தவிர்த்து, உள்ளே ஊடுருவி ஆவியை வெளியே விடும் சிலேன், சிலாக்ஸேன் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஈரக் கல்லின்மேல் படலம் போட்டால் உப்பு அதன் அடியிலேயே சிக்கி, நாளடைவில் கல்லின் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். மழை ஓய்ந்து தரை உலர்ந்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் தில்லியில் இந்த வேலைக்குப் பொருத்தமானவை.