கேம்பர்வேன் கண்ணாடிக்கு வெப்ப உறை: உள்ளேயா, வெளியேயா?

ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் கேம்பர்வேனில் (படுக்கை வசதியுள்ள வேன்) தூங்குபவர்களுக்கு முன்கண்ணாடிதான் பெரிய தலைவலி. வெளியுறை போட்டால் கண்ணாடி அவ்வளவாகச் சில்லிடாது. மூச்சு ஈரம் அதில் படிவது வெகுவாகக் குறையும். கோடையிலும் வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே மறித்துவிடும். தொல்லை காலையில்தான்: சொட்டச் சொட்ட நனைந்த உறையைக் கழற்றிப் போட்டுவைக்க நீர் கசியாத பை வேண்டும். ஓர மடிப்புகளை முன்கதவுகளுக்குள் செருகிச் சாத்துங்கள். இல்லையேல் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

உள்ளுறை இரண்டு நிமிட வேலை, மழையில் இறங்க வேண்டாம். ஆனால் கண்ணாடி சில்லிட்டு, உறைக்குப் பின்னால் நீர் வழியும். நீங்களே வெட்டினால் சுற்றிலும் 1 செ.மீ. கூட்டி வெட்டுங்கள், இடுக்கு இருந்தால் பாதிப் பயன் போச்சு. உறையைக் கண்ணாடியில் பிடித்து நிறுத்தும் சக்ஷன் கப் (ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கப்) கழன்று விழுகிறதா? கண்ணாடியைத் துடைத்து, கப்பை வெந்நீரில் முக்கி ஒட்டுங்கள். பக்க ஜன்னல்களுக்கு உள்ளுறையே போதும்.

எதைப் போட்டாலும் கூரைக் காற்றுத் துவாரத்தை அடைக்காதீர்கள்.