சிங்கப்பூரில் பீக்காக் பாஸ்: முதல் லூர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பாஸ் மீனுக்கு எந்த லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்கலாம் என்று யூடியூபில் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகள்தான் வரும். அவர்கள் பிடிப்பது லார்ஜ்மவுத் பாஸ். நம் நீர்த்தேக்கங்களில் இருப்பது பீக்காக் பாஸ், சுருக்கமாக ‘பீபி’. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன், பெயரில் பாஸ் இருந்தாலும், திலாப்பியாவுக்குத்தான் உறவு. லார்ஜ்மவுத், அடியில் மெல்ல ஊரும் ரப்பர் புழுவையும் எடுக்கும். பீபி அப்படியில்லை. பகலில், கண்ணால் பார்த்து, ஓடுகிற சின்ன மீனை விரட்டிக் கடிக்கும். நம் லூர்களும் அதற்கேற்ப இருக்க வேண்டும்.

1. முதலில் இடம்

புளோக்குக்குப் பக்கத்துப் பூங்காக் குளத்தில் மீன் துள்ளுகிறதே என்று தூண்டில் போட்டுவிடாதீர்கள். அனுமதித்த இடங்களில் மட்டுமே பிடிக்கலாம், மீறினால் அபராதம். பிடோக், லோயர் பியர்ஸ், மெக்ரிட்சி போன்ற நீர்த்தேக்கங்களில் இதற்கென ஒதுக்கிய கரைகள் உண்டு. அங்கேயும் செயற்கை இரை மட்டும்தான். புழு, இறால், ரொட்டி எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

2. எடை

தூண்டில் கோலில் கைப்பிடிக்குச் சற்று மேலே, எத்தனை கிராம் லூர் தாங்கும் என்று அச்சிட்டிருக்கும். கடைக்குப் போகுமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன நீர்ப்பரப்புக்கு 5 முதல் 7 செ.மீ. நீளம், 5 முதல் 10 கிராம் எடை போதும்.

3. எந்த வகை

ஒரே ஒரு லூர்தான் வாங்க முடியும் என்றால் மின்னோ வாங்குங்கள். குட்டி மீன் வடிவம், முன்னால் சின்னத் தகடு. ரீலைச் சும்மா சுற்றினாலே நெளிந்து நீந்தும், புதியவர் கையிலும் வேலை செய்யும். கொஞ்சம் வேகமாகவே சுற்றலாம். நடுநடுவே கோல் நுனியை வெடுக்கென்று இழுத்து ஒரு நொடி நிறுத்துங்கள். பல கடிகள் அந்த நிறுத்தத்தில்தான் வரும்.

அடுத்தது பாப்பர். காலையிலும் மாலையிலும் நீர் அசையாமல் கிடக்கும்போது இதற்கு ஈடில்லை. குழிந்த வாய் தண்ணீரை ‘பொளக்’ என்று தள்ளும். மீன் மேலே வந்து அடிக்கும் சத்தம் கேட்டதும் பதறிக் கோலைத் தூக்காதீர்கள். கையில் கனம் தெரிந்த பிறகு தூக்குங்கள். தோமான் என்கிற ராட்சத விராலும் பாப்பரை விடாது. அதன் பல், லூருக்கு முன்னால் கட்டும் மெல்லிய லீடர் நரம்பை அறுத்துவிடும்.

வெயில் ஏறி மீன் கீழே போனால் ஜிக். தலையில் ஈயம், பின்னால் முடிக்கற்றை. மூழ்கவிட்டுத் தூக்கித் தூக்கி இழுக்க வேண்டும். மலிவானது, அடியில் மாட்டிப் போனாலும் வயிறு எரியாது.

தாமரை இலையும் பாசியும் மூடிய மூலை என்றால் ரப்பர் தவளை. முள் மேல்பக்கம் உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் சிக்காது. மற்ற இடங்களில் தேவையில்லை.

4. நிறம்

கடையில் அதிக நேரம் இதில்தான் போகும், அவ்வளவு அவசியமில்லை. தெளிந்த நீருக்கு வெள்ளி, வெள்ளை. மழைக்குப் பிறகு கலங்கிய நீருக்கு மஞ்சள், ஆரஞ்சு. நிறத்தைவிட லூர் எந்த ஆழத்தில், எந்த வேகத்தில் போகிறது என்பதுதான் முக்கியம்.

5. கட்டி வீசுதல்

ரீலில் சுற்றியிருக்கும் மெயின் லைன் நுனியில் 15 முதல் 20 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன் லீடர் ஒரு முழம், அதன் முனையில் லூரை மாட்டும் சின்னக் கொக்கியான ஸ்னாப். அப்புறம் லூர் மாற்றும்போதெல்லாம் முடிச்சுப் போட வேண்டாம். நீரின் நடுவை நோக்கி வீசாமல் கரையை ஒட்டி, சாய்ந்த மரம், பாறை, தூண் ஓரமாக வீசுங்கள். பீபி அங்கேதான் பதுங்கும். வீசுமுன் பின்னால் ஒரு பார்வை. மெதுவோட்டக்காரர்கள் சத்தமில்லாமல் வருவார்கள். மூன்று முனை முள்ளின் எதிர்முட்களை (நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூர்கள்) குறடால் அமுக்கிவிட்டால் மீன் வாயிலிருந்தும், ஒருவேளை உங்கள் விரலிலிருந்தும், எளிதாகக் கழற்றலாம்.