புதுச்சேரிப் பழைய வீடு விடுதியாகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு இரு பக்கமும் உள்ள பழைய செங்கல் வீடுகள் விடுதியாகவும் உணவகமாகவும் மாறி வருகின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆள் புழங்காத வீட்டைக் கரையானும் அரசங்கன்றும் எடுத்துக்கொள்ளும். பராமரிப்பில்லாமல் நின்ற 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டிடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டிடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊரே பார்த்தது. ஆனால் மாற்றுகிறேன் என்று இறங்கி, வீட்டையே கெடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெரிய தவறு சிமெண்ட். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. ஓதத்தைத் தடுக்க அடியில் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே உலர்ந்தும் போகும். சுவரின் கால்மாட்டில் காரை உதிர்ந்ததைப் பார்த்ததும், பலமாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. பூச்சைத் தாண்டி இன்னும் மேலே ஏறுகிறது. கடலோர ஊர், ஈரத்தோடு உப்பும் வரும். அந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதை மாவாக்கும். சில மழைக்காலம் கழித்துப் பூச்சைத் தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும். பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும்.

சாந்து செங்கல்லைவிட மென்மையாகத்தான் இருக்க வேண்டும். உதிர்ந்த காரையை மறுபடி பூசலாம், செங்கல்லை அப்படிச் செய்ய முடியாது. பிளாஸ்டிக் பெயிண்டும் இதே கேட்டைத்தான் செய்யும். சுண்ணாம்பு அடித்தால் போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுவது. டிசம்பரில் சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் திறந்தாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலரும் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்கிறார்கள்.

அப்புறம் மாடி. இங்கே பல வீடுகளில் மெட்ராஸ் ஒட்டுத் தளம்: மரச்சட்டங்கள் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்து, தட்டோடு பதித்தது. அதன் மேல் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைப்பது ஒரு டன் எடையை ஏற்றுவது. அறைக்கு அறை குளியலறை கட்டுவது அதைவிட மோசம். குழாய் கசிவது கீழே தெரிவதற்குள், சுவருக்குள் புதைந்த சட்டத்தின் முனை இற்றுப்போயிருக்கும். குளியலறைகளைப் பின்கட்டில் ஒரே பக்கமாக, தனி அஸ்திவாரத்தில் எழுப்புவதுதான் என் கணிப்பில் சரி. அறை எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஏசி வைப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. சூடான காற்று மேலேறிப் போவதும், நடுவீட்டுக்கு வெளிச்சம் வருவதும் அந்தத் திறப்பால்தான். மூடிவிட்டால் பகலிலும் விளக்குப் போட வேண்டும், ஓதமும் உள்ளேயே தங்கும். மழைச்சாரல்தான் கவலை என்றால், காற்றுப் போக இடைவெளி விட்டு உயரத்தில் கூரை போடலாம்.

முகப்பை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே கான்கிரீட் எழுப்புவதைப் பழைய வீட்டைக் காப்பாற்றியதாக நான் கணக்கில் சேர்ப்பதில்லை. அதேபோல, திண்ணையை இடித்து வண்டி நிறுத்துவதால் கெடுவது தெருவே. வைசியாள் வீதிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது தனி ஒரு வீட்டுக்காக அல்ல. திண்ணையும் தாழ்வாரமுமாக வீடுகள் வரிசையாக நிற்பதற்காக.

வீடு கைக்கு வந்ததும் கொத்தனாரை அழைக்காதீர்கள். ஒரு ஐப்பசி மழையில் உள்ளே போய் நின்று, எங்கே ஒழுகுகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஓதம் ஏறியிருக்கிறது என்று கரித்துண்டால் கோடு போட்டு வையுங்கள். கோடையில் மறுபடி பாருங்கள். வரைபடம் போடுபவரிடம் முதலில் அந்தக் கோடுகளைக் காட்டுங்கள்.