மின்னூலகத்தை 30 ஆண்டு காக்க எவ்வளவு ஆகும்? மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தமிழ் நூல்கள் 10,000-ஐ ஸ்கேன் செய்யப்போகும் ஒரு நூலகத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் செலவுக்கு நிதி கிடைத்துவிடும். அந்தக் கோப்புகளை 30 ஆண்டு கெடாமல் வைத்திருக்கும் செலவு மட்டும் திட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'ஹார்ட் டிஸ்க்' என்று ஒரே வரியாக முடிந்துவிடும். பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு வரியில்தான் இருக்கின்றன.

முதலில் அளவு. டெம்மி பக்கம் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அங்குலத்துக்கு 400 புள்ளி, 24 பிட் வண்ணம், சுருக்காத டிஃப் படக் கோப்பு என்றால் ஒரு பக்கம் 22.4 மெகாபைட். 300 பக்க நூல் 6.7 ஜிபி; 10,000 நூல் 67 டிபி (ஒரு டிபி என்பது ஆயிரம் ஜிபி). 67-ஐ 16-ஆல் வகுத்துவிட்டு, 16 டிபி டிஸ்க் ஐந்து போதும் என்று எழுதிவிடுகிறார்கள். போதாது. இரண்டு டிஸ்க் ஒன்றாகப் பழுதானாலும் தாங்கும் ரெய்டு 6 அமைப்பில் இரண்டு டிஸ்க்கின் இடம் கழிந்துவிடும். மிச்சத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் புதிய வரவுக்கு இடம் விட வேண்டும். ஏழு டிஸ்க் போட்டால் 64 டிபிதான் தேறும், எட்டு வேண்டும். இதுவும் ஒரு பிரதிக்குத்தான். இரண்டாவது பிரதி வேறு கட்டடத்தில், மூன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட சென்னையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

படத்தில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஜேபெக் 2000 கோப்பாகச் சேமித்தால் அளவு ஏறக்குறைய பாதியாகும். அந்த முடிவை ஸ்கேன் தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். 30 லட்சம் கோப்புகளைப் பிற்பாடு மாற்றி, ஒவ்வொன்றும் சரியாக மாறியதா என்று பார்ப்பது தனி வேலை, தனிச் செலவு.

அடுத்தது, 'டிஸ்க் விலை வருடா வருடம் குறைகிறதே' என்ற நம்பிக்கை. சேமிப்புக் கருவிகளுக்கு இன்று 10 லட்சம் ரூபாய், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஆண்டுக்கு 30 சதவீதம் குறைந்துகொண்டே போனால், எத்தனை காலத்துக்கும் சேர்த்து 12 லட்சத்தில் முடியும். 10 சதவீதம்தான் குறையும் என்றால் 24 லட்சம். 5 சதவீதம் என்றால் 44 லட்சம். நிரந்தர வைப்புநிதி கேட்பவர்கள் இந்த ஒரு எண்ணில் பிசகினால் நிதி நடுவழியில் வற்றிவிடும். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் டிஸ்க் ஆலைகள் மூழ்கியதும் உலகம் முழுக்க விலை ஏறியது. இறங்குமுகம் உறுதி என்ற நினைப்பு அன்றே உடைந்தது. 5 சதவீதத்தை வைத்துக் கணக்கிடுவதே எங்கள் பரிந்துரை.

டிஸ்க்குக்குப் பதில் காந்த டேப் வாங்குவோர் டேப்பின் ஆயுளை மட்டும் பார்க்கிறார்கள். அதைப் படிக்கும் டிரைவும் வேண்டுமே! பரவலாகப் பயன்படும் டேப் வகையான எல்டிஓவில், ஏழாம் தலைமுறையான எல்டிஓ 7 வரையிலான டிரைவ்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படித்தன. எல்டிஓ 8 டிரைவ் ஒரு தலைமுறையோடு நின்றுவிட்டது. எல்டிஓ 6 டேப்பை அதில் படிக்க முடியாது. ஆகவே டேப் நன்றாக இருக்கும்போதே புதிய தலைமுறைக்குப் பெயர்த்து எழுதும் செலவை அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

கிளவுடில் வாடகையைப் பார்ப்பார்கள், திரும்ப எடுக்கும் செலவைப் பார்க்கமாட்டார்கள். அமேசானின் நீண்டகாலச் சேமிப்புச் சேவையான கிளேசியர் டீப் ஆர்க்கைவ், அமெரிக்க மண்டல விலையில் டிபிக்கு மாதம் ஏறத்தாழ 1 டாலர். 67 டிபிக்கு ஆண்டுக்கு 800 டாலர், மலிவுதான். ஆனால் முழுவதையும் இணையம் வழி வெளியே எடுக்க வழக்கமான கட்டணம் ஏறக்குறைய 5,500 டாலர், அதாவது ஏழு ஆண்டு வாடகை. தரவை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு வெளியேறுவோர் விண்ணப்பித்தால் 2024 முதல் விலக்கு உண்டு. உங்கள் பிரதி கெட்டுப்போய் மீட்டெடுக்கும்போது அந்த விலக்கு உதவாது. ஒரு முழு மீட்பின் செலவை முதல் ஆண்டிலேயே ஒதுக்கிவையுங்கள்.

கட்டணம் டாலரில் இருப்பதையும் மறக்கக் கூடாது. 2010-இல் 45 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2023-இல் 82-ஐத் தாண்டியிருந்தது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் இரண்டே மாதத்தில் 350-ஐக் கடந்தது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு சம்பளம். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் செக்சம் சோதனையை ஓட்ட, பிழை வந்தால் நல்ல பிரதியைத் தேடி எடுத்துவைக்க, மென்பொருளைப் புதுப்பிக்க, நூல் விவரங்களைத் திருத்த ஒருவர் வேண்டும். மாதம் 35,000 ரூபாய், ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு என்றால் பத்தாண்டுக்கு 60 லட்சத்துக்கு மேல். 'இருக்கும் ஊழியரே பார்த்துக்கொள்வார்' என்று எழுதிய இடத்தில் சோதனை நடப்பதில்லை. கெட்ட கோப்பு மூன்று பிரதிக்கும் பரவிய பிறகுதான் தெரியவரும்.

கோப்பு கெடவே இல்லை, ஆனாலும் படிக்க முடியவில்லை என்ற நிலையும் வரும். தமிழில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம். பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். திஸ்கி, தாம், தாப் என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறைகளில் அடித்த கோப்புகளும் இப்படியே படிக்க முடியாமல் போகும். தமிழக அரசு 1999-இல் தாம், தாப் முறைகளைத் தரமாக ஏற்றது. 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. பதினோரு ஆண்டில் ஒரு தரம் பழையதாகிவிட்டது. மாற்றி மென்பொருள் இலவசம்தான். ஆனால் பாமினி போன்றவற்றில் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிக் குதறிவிடும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். 30 ஆண்டுத் திட்டத்தில் இப்படிப்பட்ட மாற்றம் இரண்டு முறையாவது வரும் என்று எடுத்துக்கொண்டு, ஆயிரம் கோப்புக்கு எத்தனை மணி நேரம் என்று மாதிரி பார்த்துக் கணக்கிடுங்கள்.

யுபிஎஸ் பேட்டரி, குளிர்சாதனம், மின்கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவற்றைப் பெரும்பாலோர் சேர்த்துவிடுகிறார்கள்.

யாரும் சேர்க்காதது கைமாற்றும் செலவு. நிறுவனம் மூடப்பட்டால் தொகுப்பு யாருக்குப் போகும், யார் கொடுத்து அனுப்புவார்கள்? நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 67 டிபியை நகலெடுக்க ஐந்து நாள், செக்சம் ஒப்பிட இன்னும் ஐந்து நாள். அதோடு கோப்புப் பட்டியல், உரிமைப் பத்திரங்கள், ஒருவரின் இரண்டு வாரச் சம்பளம், தனித்தனியாக நிரப்பி அனுப்ப 16 டிபி டிஸ்க். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஐந்து போதும்.